மூன்றாம் மாடிக்குப் போய்வந்த நாற்றம்

வரிசையாகச் சொல்கிறேன், வரிசை மாறினால் அநியாயம் சிறியதாகத் தெரியும். முதலில் முக்காலிகளை எடுத்தார்கள். சந்திரவதனா பட்டு மாளிகை ஒற்றை மாடிக் கடையாக இருந்தவரை ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு முக்காலி கிடந்தது, கூட்டமில்லாத நேரத்தில் உட்காரலாம். மூன்று மாடி எழும்பிய ஆண்டில், உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் வாங்க வருகிறவர்களுக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லி அத்தனையையும் லாரியில் ஏற்றினார்கள். இரண்டாவதாக, சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடத்திலிருந்து இருபதாகச் சுருங்கியது. மூன்றாவதாக, தண்ணீர் குடிப்பதால்தான் கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று கண்டுபிடித்து, மாடிக்கு ஒன்றாக இருந்த தண்ணீர்க் கேன்களை அடித்தளத்துக்கு இறக்கினார்கள். நான்காவதாக, பக்கத்தில் நிற்பவரோடு பேசக்கூடாது என்றார்கள், அதைக் கவனிக்கக் கேமரா வைத்தார்கள். ஐந்தாவதாகக் காலுக்கு வந்தார்கள்.

ஐந்தாவது உத்தரவு இது: எழுபத்து நான்கு பேரும் கறுப்புத் தோல் ஷூவும், கணுக்காலில் கடையின் பெயர் நெய்த நைலான் சாக்ஸும் போட வேண்டும். ஆளுக்கு ஒரே ஜோடி. ஆறாவது உத்தரவு ஒரு மாதம் கழித்து வந்தது: ஷூவும் சாக்ஸும் கடையின் சொத்து, வெளியே போகக்கூடாது, வேலை முடிந்ததும் அடித்தளத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். அந்த அடித்தளத்துக்கு ஜன்னல் இல்லை. பதினோரு மணி நேரம் வியர்வையைக் குடித்த தோல், மீதிப் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் கிடந்து அதைப் புளிக்க வைத்தது.

நான் அந்தக் கடையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவன். முக்காலியைக் கேட்டதற்காக வெளியே அனுப்பப்பட்டவன். பிறகு ஜவுளிக்கடைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானேன், இன்றுவரை அதுதான். எட்டுப் பக்கத் துண்டறிக்கைகளில் எழுத்துக் கூட்டிப் படித்து, எட்டுப் பக்கத் துண்டறிக்கைகளாகவே திருப்பி எழுதியவன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

பட்டுப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கே மேசை இல்லை, தரை முழுக்க வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. கல்யாணப் பட்டு விரிகிற இடம் என்பதால் அதன்மேல் யாரும் செருப்புக் காலோடு ஏறியதில்லை. மணப்பெண்ணின் அம்மாவும் கழற்றுவாள், கலெக்டர் வந்தாலும் கழற்றுவார். முன்பெல்லாம் பட்டு விற்பவர்கள் காலையில் கால் கழுவி மெத்தையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார்கள். உத்தரவுக்குப் பிறகு, கிடங்குக்குப் போக ஷூவை மாட்ட வேண்டும், திரும்பி வந்தால் கழற்ற வேண்டும், பில் போடப் போக மாட்ட வேண்டும், திரும்பி வந்தால் கழற்ற வேண்டும், இப்படி ஒரு நாளைக்கு நாற்பது தடவை. மற்றப் பிரிவுகளில் நாற்றம் ஷூவுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. பட்டுப் பிரிவில் அது நாற்பது தடவை வெளியே வந்து உலகத்தைப் பார்த்தது.

அந்த மெத்தையில் இருபத்தெட்டு வருடமாகப் பட்டு விரித்தவர் கொம்பையா. மடித்த சேலையை இடது கையில் ஏந்தி வலது கையால் ஒரே வீச்சு வீசினால், உடல் முழுக்க விரிப்பின் மேல் படர்ந்து முந்தி மட்டும் மணப்பெண்ணின் மடியில் போய் விழும். அதற்காகவே சாத்தான்குளத்திலிருந்தும் களக்காட்டிலிருந்தும் குடும்பங்கள் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தன. அது தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அவருடைய கால் நாறத் தொடங்கியபோது அவர் சும்மா இருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் மனைவி சண்முகவடிவு தினமும் தேயிலையைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு அதில் கால் மணி நேரம் காலை ஊற வைத்தாள், படிகாரத்தை உரசிப் பாதத்தில் தடவினாள், விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாள். காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது அவர் கால் கோவில் படிபோலச் சுத்தமாக இருந்தது. கடைக்கு வந்து அலமாரியைத் திறந்து, நேற்றின் ஈரம் காயாத சாக்ஸுக்குள் அதை நுழைத்தால் பத்து நிமிடத்தில் பழைய கதை.

"காலை நான் காய வச்சி அனுப்புதேன் அண்ணாச்சி," என்று அவள் என்னிடம் சொன்னாள். "ஷூவை யாரு காய வைக்கா?"

அதை வைத்துத்தான் நான் துண்டறிக்கை எழுதினேன். கால் நாறாமல் இருக்க ஷூவை வெயிலில் வைக்க வேண்டும், வைக்கக்கூடாது என்று ஆறாவது உத்தரவு சொல்கிறது. ஒருநாள் போட்ட ஷூவுக்கு மறுநாள் ஓய்வு தர வேண்டும், ஒரே ஜோடிதான் என்று ஐந்தாவது உத்தரவு சொல்கிறது. பருத்தி சாக்ஸ் போட்டு மதியம் மாற்ற வேண்டும், நைலான்தான் என்று அதே உத்தரவு சொல்கிறது. அவ்வப்போது உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காற்றாட விட வேண்டும், உட்கார இடமில்லை என்று முதல் உத்தரவு சொல்கிறது. தொழிலாளிக்கு வார விடுமுறை கேட்டுப் பார்த்தோம், இனி ஷூவுக்காவது கேட்போம் என்று முடித்திருந்தேன். நல்ல துண்டறிக்கை. கடை வாசலில் நின்று நானே கொடுத்தேன். பாதிப் பேர் அதை மடித்து ஷூவுக்குள் வைத்தார்கள், ஈரத்தை உறிஞ்சுகிறது என்று நன்றியும் சொன்னார்கள்.

ஆவணி மாத முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்க வந்த ஒரு வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனதும் கொம்பையாவுக்கு மெமோ வந்தது. கால் துர்நாற்றத்தால் நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்த குற்றத்துக்கு ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது, மூன்று வாரத்தில் விசாரணை. அந்தத் தாளை அவர் சட்டைப்பையில் வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார்.

"வேலை போனாப் போகுது அண்ணாச்சி. இந்தத் தாளோட போகக்கூடாது. நாலு ரத வீதியில எந்தக் கடையில போய் நின்னாலும் ஏன் நிறுத்துனாகன்னு கேப்பாக. என்னன்னு சொல்லுவேன்?"

"அநியாயம்னு சொல்லும்."

"நீரு சொல்லுவீரு. தாள் வேற சொல்லுதுல்லா."

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு, கொம்பையா மெத்தை ஓரத்தில் ஷூவைக் கழற்றியதும் அதற்குள்ளிருந்து நாற்றம் எழுந்தது. எப்போதும்போல் பரவவில்லை, எழுந்து நின்றது, வெகுநேரம் குந்தியிருந்தவர் காலை உதறிக்கொள்வதுபோல் சற்றுத் தயங்கியது, பிறகு சேலை விரித்திருந்த பக்கம் போகாமல் ஓரமாகவே நடந்து லிஃப்ட் வாசலில் போய் நின்றது. உருவம் இல்லை, காலடிச் சத்தம் இல்லை, ஆனால் எங்கே நிற்கிறது என்று கண்ணைக் கட்டிக்கொண்டும் சொல்லலாம். லிஃப்ட் ஓட்டுகிற அந்தோணிமிக்கேல் கதவைத் திறந்து, எந்த மாடி என்று கேட்டார். பதில் வரவில்லை. அது இறங்க வந்ததாகத் தெரியவில்லை என்பதால் மேலே அழுத்தினார். மேலே இருந்தது ஒரே மாடி, அதில் இருந்தது சின்ன முதலாளி மீனாட்சிநாதனின் கண்ணாடி அறை.

"ஏறுனது யாருன்னு நான் பாக்கதில்ல," என்று அந்தோணிமிக்கேல் பிறகு என்னிடம் சொன்னார். "ஏறுனா எங்கன்னு கேக்கணும். அதுக்குத்தான என்னை வச்சிருக்காக."

கதவிடுக்கு வழியாக அது அந்த அறைக்குள் போனது. உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. முதலாளி வெளியே ஓடியும் வரவில்லை. ஐந்தரை மணிக்கு அது லிஃப்டில் கீழே வந்து ஷூவுக்குள் இறங்கிக்கொண்டது, கொம்பையா கயிற்றைக் கட்டினார். மறுநாளும் நான்கு மணிக்குப் போனது. அதற்கு மறுநாளும்.

ஒரு வாரத்துக்குள் கடை அதற்குப் பழகிவிட்டது. நான்கு மணி அடிக்கும்போது மாடிப் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வழிவிட்டார்கள். அது என்று சொல்வதா அவர் என்று சொல்வதா என்று வேட்டிப் பிரிவில் இரண்டு நாள் விவாதம் நடந்து, இருபத்தெட்டு வருட சர்வீஸ் உள்ள காலிலிருந்து வந்ததால் அவுக என்பதே முறை என்று முடிவானது. பில் போடும் ராபியத் அது தன் மேசையைக் கடக்கும்போதெல்லாம் போயிட்டு வாங்க என்றாள். கூச்சமில்லையா என்று ஒருத்தி கேட்டதற்கு, "எங்க வாப்பா கறிக்கடையில நின்னுட்டு வீட்டுக்கு வரும்போது முதல்ல அதுதான் வரும், பின்னாலதான் ஆளு வரும், நாங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கதவைத் திறப்போம்," என்றாள். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, லிஃப்டில் ஏறப்போன தன் மகளைத் தடுத்து, "அவுக முதல்ல போகட்டும்ளா, நமக்கென்ன அவசரம்," என்று நிறுத்தினாள். மேலாளர் சாம்பிராணி போட்டார், அது புகை அடங்கும்வரை ஓரமாக நின்றது. எலுமிச்சை வாசனை மருந்து அடித்தார், எலுமிச்சை வாசனையையும் கூட்டிக்கொண்டு மேலே போனது. மற்ற எழுபத்து மூன்று பேரும் நான்கு மணிக்குத் தங்கள் ஷூவைக் குனிந்து பார்த்தார்கள், ஒன்றும் எழவில்லை. "நம்மதெல்லாம் சோம்பேறி நாத்தம்வே, படுத்தே கெடக்கும்," என்று பேண்ட் பிரிவில் ஒருவர் வருத்தப்பட்டார்.

எனக்கு முப்பது வருடத்தில் அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மூன்றாம் மாடிப் படியில் கால் வைத்தால் போலீஸ் வரும். இது தினமும் போய் ஒன்றரை மணி நேரம் முதலாளியை முற்றுகையிட்டுவிட்டு லிஃப்டில் இறங்கி வருகிறது. தொழிலாளியின் வியர்வை எழுந்து நின்றது என்று துண்டறிக்கை போட்டேன். அதற்குச் சங்கத்தில் உறுப்பினர் அட்டை தருவது என்று செயற்குழுவில் தீர்மானமும் கொண்டுவந்தேன், கை தூக்க முடியாதவருக்கு ஓட்டு எப்படி என்று கேட்டுத் தோற்கடித்துவிட்டார்கள்.

கொம்பையாவுக்கு மட்டும் சந்தோஷமில்லை. விசாரணைத் தேதி நெருங்க நெருங்க அவர் சேலை வீசும்போது முந்தி மடியில் விழாமல் ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"போராடப் போற மாதிரி தெரியல அண்ணாச்சி," என்றார் ஒருநாள். "திரும்பி வரும்போது அதுக்கு ஒரு நெறைவு இருக்கு. சொந்தக்காரவுக வீட்டுக்கு விருந்துக்குப் போயிட்டு வந்தாப்புல இருக்கு."

"வர்க்க உணர்வு இல்லாதவர் நீர்," என்றேன். அந்த வார்த்தையை நான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வாழ்நாளில் நான் திரும்ப வாங்கிய வார்த்தைகள் மிகச் சில.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை, கடை திறக்கும் முன், காலை எட்டு மணிக்கு. விசாரிக்க வந்தவர் ஓய்வுபெற்ற வக்கீல் தளவாய். கடைதான் அவரை அமர்த்தியிருந்தது. எல்லோரும் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காக எழுபத்து நான்கு பேரையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கொம்பையாவுக்காகப் பேச என்னை உள்ளே விட்டார்கள், அந்த வாசலை நான் மிதித்துப் பதினாலு வருடம் ஆகியிருந்தது. முகூர்த்த மாதம், அத்தனை அறையிலும் சரக்கு மூட்டை. எழுபத்து நான்கு பேர் கொள்ளும் இடம் பட்டுப் பிரிவு ஒன்றுதான் என்று மேலாளர் அங்கே ஏற்பாடு செய்தார். அங்கேதான் தவறு நடந்தது, பட்டுக் கடைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு: மெத்தையில் ஏற வேண்டுமானால் கழற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்ததால், யார் யார் கழற்ற வேண்டிவரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

வக்கீல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். மேலாளர் ஏறினார். நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். மீனாட்சிநாதன் மெத்தை ஓரத்தில் பளபளக்கும் ஷூவோடு நின்றார். முப்பத்து நாலு வயது, தகப்பனார் சொக்கலிங்கம் போனபின் ஆறு வருடமாகக் கடையை நடத்துகிறார். அந்த ஆறு வருடத்தில் அவர் ஒருநாளும் மெத்தையில் ஏறியதில்லை; ஓரத்தில் வந்து நிற்பார், பார்ப்பார், போய்விடுவார். அதைத் திமிர் என்று நான் மூன்று துண்டறிக்கைகளில் எழுதியிருக்கிறேன்.

கடைசியாகக் கொம்பையா ஷூவைக் கழற்றினார். நாற்றம் எழுந்தது. மணி எட்டேகால்தான், ஆனாலும் எழுந்தது. லிஃப்ட் பக்கம் போகவில்லை. நேரே போய் மீனாட்சிநாதன் பக்கத்தில் நின்றது, பஸ் நிலையத்தில் ஊர்க்காரரைக் கண்டவர் நிற்பதுபோல.

"ஏறுங்க தம்பி, ஆரம்பிச்சிடலாம்," என்றார் வக்கீல்.

அவர் ஏறவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. மேலாளர் நாற்காலி கொண்டுவரட்டுமா என்று எழுந்தார், அவர் தலையசைத்து மறுத்தார். அப்போது கொம்பையா, இருபத்தெட்டு வருடமாகக் கூச்சப்படுகிற வாடிக்கையாளர்களைக் கூப்பிட்ட அதே குரலில் சொன்னார்:

"வாங்க முதலாளி. விரிப்பு இன்னைக்குக் காலையிலதான் மாத்துனது. அழுக்கானா துவைச்சுக்கிடலாம்."

மீனாட்சிநாதன் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார். அதற்குள்ளிருந்து இன்னொரு நாற்றம் எழுந்தது, கொம்பையாவுடையதைவிட ஒல்லியாக, நெடுநாள் பூட்டிக்கிடந்ததுபோல் தளர்ந்து, தட்டுத்தடுமாறி. எழுபத்து நான்கு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தோம், இழுத்ததற்கு ஒன்றாக வருந்தினோம். முந்திய நாற்றம் அதை ஒரு கை கொடுத்துத் தூக்கியது போலிருந்தது. இரண்டும் மெத்தையில் ஏறி, கல்யாண வீட்டில் சந்தித்த உறவினர்போல் அருகருகே உட்கார்ந்துகொண்டன.

முதலாளியின் கால் வெளுத்து ஊறிப்போயிருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

"ஒம்பது வயசுல இருந்து," என்றார், யாரையும் பார்க்காமல். "மலை மேல ஹாஸ்டல். காலையில மாட்டுனா படுக்கப் போகும்போதுதான் கழட்டணும். கழட்டுனா பக்கத்துக் கட்டிலைத் தள்ளிப் போடுவானுக." கழற்றிய சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தார். "எல்லாரும் ஷூ போட்டா என்னோடது தனியாத் தெரியாதுன்னு நெனச்சேன். வீட்டுக்குக் கொண்டு போனா தொவைச்சிருவீங்க. அப்பறம் நான் மட்டும் மிஞ்சிருவேன்."

ஐந்தாவது உத்தரவும் ஆறாவது உத்தரவும் எப்படிப் பிறந்தன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. லாபம் என்று எழுதியிருந்தேன், சுரண்டல் என்று எழுதியிருந்தேன். வெட்கம் என்று எழுதத் தோன்றவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கொம்பையா எட்டிப் பார்த்து, "குளிச்சிட்டு விரலுக்கு நடுவுல துடைக்கதுண்டா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அங்கதான் இருக்கு எல்லாம்."

"இந்த நைலானைத் தூரப் போடுங்க சார்," என்றாள் ராபியத். "நம்ம கடையிலயே கீழ பருத்தி இருக்கு. ரெண்டு ஜோடி எடுத்து மதியத்துக்கு மேல ஒண்ணு மாத்துங்க."

"ஷூவும் ரெண்டு வேணும்," என்றார் அந்தோணிமிக்கேல். "இன்னைக்கு இது, நாளைக்கு அது. மாடு கூட மத்தியானம் படுக்குதுல்லா."

என் துண்டறிக்கையைத்தான் அவர்கள் வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பையில் நாற்பது பக்க வாதம் இருந்தது, அதை நான் வெளியே எடுக்கவேயில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எனக்கு முந்திக்கொண்டு மூன்று வாரமாக வாதாடியிருக்கிறது. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கோபம் உண்டு.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "விசாரணைன்னு வந்தாச்சு, முடிக்கணும். கேள்வி ஒண்ணுதான். நற்பெயரைக் கெடுத்த நாற்றம் யாரோடது?"

மீனாட்சிநாதன் வக்கீல் கையிலிருந்த மெமோவை வாங்கினார். பேனாவை எடுத்துக் கொம்பையாவின் பெயரை அடித்தார், மேலே ஏதோ எழுதினார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினார்: ஷூவை வீட்டுக்குக் கொண்டு போகலாம், ஆளுக்கு இரண்டு ஜோடி, பருத்தி சாக்ஸ், பட்டுப் பிரிவுக்கு ஷூவே வேண்டாம். முக்காலியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

"வாசிங்க சார். எல்லாரும் கேக்கணும்."

வக்கீல் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றினார். "தம்பி, நான் வாசிச்சிட்டா பதிவுல ஏறிடும். சாட்சி எழுபத்து நாலு பேரு. பெறகு அழிக்க முடியாது."

"ஏறட்டும்."

"வேண்டாம் முதலாளி," என்றார் கொம்பையா. "என் பேரை அடிச்சிட்டீகள்லா, எனக்கு அது போதும். அந்த எடத்தை அப்பிடியே விட்டுருங்க."

"இல்லண்ணே. எடம் காலியா இருந்தா நாளைக்கு யாராவது உங்க பேரைத்தான் திரும்ப எழுதுவாங்க."

முப்பது வருடமாக ஒரு முதலாளியின் பெயர் குற்றவாளிப் பட்டியலில் வாசிக்கப்படுவதைக் கேட்கக் காத்திருந்தவன் நான். வேண்டாம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். கொம்பையா எழுந்து நின்றார், அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றோம். வக்கீல் தாளை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, நீதிமன்றக் குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:

"நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்த கால் நாற்றத்துக்கு உரியவர், சொக்கலிங்கம் மகன் மீனாட்சிநாதன்."